கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

நீலகிரிச் சோலைகளில் ஒரு சிறு பறவை இருக்கிறது. பழனி மலைச் சோலைகளில் இன்னொன்று. இரண்டும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். இரண்டுக்கும் முதுகு கருநீலம், அடிவயிற்றின் நடுவில் வெள்ளை, குட்டை வால், உடம்பின் அளவுக்குச் சற்று மிஞ்சிய நீளக் கால்கள். மர உச்சியை இவை நாடுவதில்லை. ஈரம் காயாத புதரடியில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பறவை நூல்கள் இவற்றை ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றே எழுதின. இன்று இவை இரண்டு தனி இனங்கள். ஒன்று நீலகிரிச் சோலைக்கிளி, மற்றது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இவை கிளி வகையைச் சேர்ந்தவை அல்ல. சிறு பறவைகளைக் கிளி என்று அழைக்கும் மலையாள வழக்கிலிருந்து வந்த பெயர் இது. பறவையியலாளர் பலரும் இப்போது இப்பெயரையே பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று இரண்டான இந்தக் கதையில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. மலையில் பிடித்து விடப்பட்ட பறவைகளின் இரத்தத்துளிகளிலிருந்து மரபுச் செய்தியைப் படித்த பணி, பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தோடு சேர்ந்தது. அங்கே உமா ராமகிருஷ்ணன், தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தில் அனிந்த்ய சின்ஹா, இருவரோடும் வேலை செய்த வி.வி. ராபின் என்று முக்கியமான பெயர்கள் இந்த நகரத்தோடு தொடர்புடையவை. ராபின் பின்னர் திருப்பதியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றார். நகரின் தென்கிழக்கே ஈஜிபுராவில் இருந்துகொண்டு இந்த ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். ஊட்டியையும் கொடைக்கானலையும் கோடை விடுமுறைக்கு மட்டுமே அறிந்த என் அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு இந்தப் பறவைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு.

என் வாதம் சுருக்கமானது. இந்த இரண்டு பறவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறகை மட்டும் ஒப்பிட்டால் பாதி விடைதான் கிடைக்கும். இவற்றுக்கு நடுவே கிடக்கும் நிலத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பறவைகளைப் பிரித்தது அந்த நிலம்தான்.

முதலில் இறகையே பார்ப்போம். நீலகிரிப் பறவையின் விலாப்புறம் செம்பழுப்பு. மார்பின் நீலம் கீழே இறங்கி அந்தச் செம்மையில் முடிகிறது. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்பு, புருவக்கோடு மங்கலானது. பழனிப் பறவையின் விலாப்புறத்தில் செம்மை இல்லை. அங்கே சாம்பல் கலந்த நீலம்தான். நெற்றியிலும் புருவத்திலும் வெளிறிய கோடு நன்றாகத் தெரியும். ஆணும் பெண்ணும் இரண்டு இனத்திலும் பெரிதாக வேறுபடுவதில்லை. பனிமூட்டத்தில், மூன்று நொடி கண்ணில் பட்டு மறையும் பறவையிடம் இந்த வேறுபாடுகளைப் பிடிப்பது எளிதன்று. ஆனால் அப்படிக் குழம்பத் தேவையும் இல்லை. நீங்கள் நிற்பது உதகமண்டலத்துச் சோலை என்றால் அது நீலகிரிப் பறவை. கொடைக்கானல் என்றால் வெண்வயிற்றுப் பறவை. இரண்டும் சேர்ந்து வாழும் இடம் ஒன்றுகூட இல்லை. பாலக்காட்டுக் கணவாய் நடுவே கிடக்கிறது.

பெயர்களின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1840களில் நீலகிரிப் பறவையை விவரித்தார். பழனி மலைப் பறவையை 1868இல் நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு தனி இனமாக எழுதினார். ஆக, தொடக்கத்தில் இரண்டும் இரண்டாகவே இருந்தன. பிறகு வந்தவர்கள் உருவ ஒற்றுமையைப் பெரிதாகக் கருதி ஒன்றாக்கினார்கள். சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் எழுதிய பெருநூலிலும் இவை ஒரே இனத்தின் இரு பிரிவுகள்தாம். இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் குட்டைச்சிறகன்களோடு இவற்றையும் சேர்த்து, பிராக்கிப்டெரிக்ஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் பமேலா ராஸ்முஸனும் ஜான் ஆண்டர்டனும் வெளியிட்ட தெற்காசியப் பறவை நூல் இரண்டையும் மறுபடி பிரித்தது. இறகு, பாட்டு ஆகியவற்றின் வேறுபாடே அவர்களின் ஆதாரம். பிரித்தது சரியா என்று சோதிக்கும் வேலை அதன் பிறகு தொடங்கியது.

இதே கேள்வியை உலகின் மறுபக்கத்தில் வேறொரு பறவைக் குடும்பத்திடம் அறிவியலாளர் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் எறும்புக்குருவிகள் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். படையெறும்புகள் காட்டுத் தரையில் படையெடுக்கும்போது சிதறி ஓடும் பூச்சிகளைப் பிடிக்கச் சில இனங்கள் கூடவே செல்லும். குடும்பத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் எறும்புப் படையையே நம்பி வாழ்பவை அவற்றில் மிகச் சில. பெரும்பாலானவை நம் சோலைக்கிளிகளைப் போலவே காட்டின் கீழடுக்கில், இருட்டில், சொந்தமாகப் பூச்சி தேடுபவை. உருவத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இனங்கள் அங்கேயும் ஏராளம்.

அமேசான் படுகையில் அலைந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1852இல் லண்டன் விலங்கியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். குரங்கினங்களைப் பற்றியது அது. அமேசான், நீக்ரோ, மடீரா ஆகிய பேராறுகள் பல குரங்கினங்களுக்கு எல்லையாக நிற்கின்றன, இக்கரையில் இருப்பது அக்கரையில் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். எறும்புக்குருவிகளிலும் இந்த ஒழுங்கு பின்னர் தெளிவாகத் தெரிந்தது. செதில்முதுகு எறும்புக்குருவி என்று ஒரே பெயரில் அறியப்பட்டதை 2011இல் மார்ட்டன் இஸ்லரும் பிரெட் விட்னியும் இரண்டாகப் பிரித்தார்கள். தென்கிழக்கு அமேசானில் தபஜோஸ் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்வது ஒரு பறவை, மற்ற பகுதிகளில் வாழ்வது வேறு பறவை. அவர்களுக்கு வழிகாட்டியது முதன்மையாகக் குரல்.

சிறகுள்ள உயிருக்கு ஆறு எப்படி எல்லையாகும் என்று கேட்கத் தோன்றும். பனாமாவில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அங்கே கால்வாய் வெட்டுவதற்காக ஆற்றை மறித்தபோது காட்டூன் ஏரி நிரம்பி, ஒரு குன்றின் உச்சி பரோ கொலராடோ என்ற தீவானது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிய தீவுதான் அது. ஆனாலும் கீழடுக்குப் பறவைகள் பல அங்கே ஒவ்வொன்றாக அற்றுப்போயின. எறும்புப் படையைத் தொடரும் பறவைகளில் பெரிதான ஒன்றும் அவற்றில் அடக்கம். அற்றுப்போன இடத்தை நிரப்பப் பெருநிலத்திலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், காட்டுப் பறவைகளைப் படகில் ஏற்றிக் கரையிலிருந்து 100 முதல் 300 மீட்டர் தொலைவில் பறக்கவிட்டார்கள். சில இனங்கள் 100 மீட்டர் திறந்த நீரைக்கூடக் கடக்க முடியாமல் தடுமாறின. இறகும் தசையும் இருந்தாலும், காட்டு நிழலுக்குள் கிளையிலிருந்து கிளைக்குத் தாவுவதற்கென்றே அமைந்த உடல் திறந்தவெளிக்கு உதவுவதில்லை.

அங்கே நீர் செய்த வேலையை இங்கே நிலம் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஓரளவு தொடர்ந்து நீளும் மலை. அதில் மிகப் பெரிய உடைப்பு பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் 300 மீட்டருக்கும் தாழ்வான, வெயில் அடிக்கும் சமவெளி. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள், ஒரு மலையும் ஏறாமல் தொடர்ச்சி மலையைக் கடந்துவிடலாம். மனிதருக்கு இது வாசல். ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த ஈரக் காட்டில் மட்டும் வாழப் பழகிய பறவைக்கு இது அமேசான் ஆறு.

உயரம் மட்டும் சோலையை உண்டாக்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈஜிபுரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டைவிட எவ்வளவோ உயரம். ஆனால் இது மழைமறைவுப் பீடபூமி. பெங்களூரின் ஆண்டு மழை ஒரு மீட்டரை ஒட்டித்தான். இங்கே இயல்பாக வளரக்கூடியது வறண்ட இலையுதிர் காடும் முட்புதரும். சோலை என்பது மலை மடிப்பில், இரண்டு பருவமழையும் மேகமும் நனைக்கும் இடத்தில், புல்வெளிக்கு நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் குட்டை மரக் காடு. மரங்களில் பாசி தொங்கும். அடியில் எப்போதும் அரையிருள். அந்தத் திட்டுகளைக் கொண்ட மலையுச்சிகளை ஆய்வாளர்கள் வான்தீவுகள் என்று அழைக்கிறார்கள். தீவுகளைச் சுற்றிக் கடல் இருப்பதுபோல இவற்றைச் சுற்றித் தாழ்நிலத்தின் வெப்பம் இருக்கிறது.

ராபினும் சின்ஹாவும் ராமகிருஷ்ணனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த வான்தீவுகளில் சோலைக்கிளியின் மரபுவரலாற்றை ஆராய்ந்தது. முறை எளிதாகத் தோன்றும், செய்வது கடினம். விடியுமுன் சோலைக்குள் மெல்லிய பனிவலை கட்ட வேண்டும். வலையில் சிக்கிய பறவையை உடனே எடுத்து, அளந்து, சிறகடிச் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, காலில் வளையமிட்டு விட்டுவிட வேண்டும். அட்டை, மழை, யானை எல்லாவற்றுக்கும் நடுவே மலை மலையாகச் செய்ய வேண்டிய வேலை இது. பிறகு ஆய்வகத்தில் இரத்தத்திலிருந்து மரபணுக்களைப் பிரித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார்கள். தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள் இதற்கு மிகவும் உதவுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் மாற்றங்கள் சேர்கின்றன. இரண்டு கூட்டங்களுக்கு இடையே எத்தனை மாற்றங்கள் என்று எண்ணினால், அவை எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று கணிக்கலாம்.

விடை தெளிவாக வந்தது. கணவாய்க்கு வடக்கே உள்ள பறவைகள் ஒரு கிளை, தெற்கே உள்ளவை வேறொரு கிளை. அவற்றுக்கிடையிலான பிரிவு மிகப் பழையது. தெற்குக் கிளையிலும் ஒரு வெடிப்பு தெரிந்தது: செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் ரயில்பாதை ஓடும் அந்த இடைவெளி பாலக்காட்டை நோக்க மிகக் குறுகலானது, பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குத் தெற்கே, அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலைகளில் வாழும் பறவைகள் பழனி, ஆனைமலைப் பறவைகளிலிருந்து விலகியிருந்தன. பெரிய உடைப்பு பெரிய பிரிவையும், சிறிய உடைப்பு சிறிய பிரிவையும் உண்டாக்கியிருக்கிறது. இறகைப் பார்த்து ராஸ்முஸனும் ஆண்டர்டனும் போட்ட கோடும் மரபணுவைப் பார்த்து இவர்கள் போட்ட கோடும் ஒரே இடத்தில் விழுந்தன. ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டுவதால்தான் இவை இரண்டு இனங்கள் என்று நான் தயங்காமல் எழுதுகிறேன்.

குரலும் மூன்றாம் சாட்சியாக வர முடியுமா? எறும்புக்குருவிகளில் வரும். அவை பாட்டைக் கற்றுக்கொள்வதில்லை, பிறவியிலேயே கொண்டு பிறக்கின்றன. தாய் தந்தையின் குரலைக் கேட்காமல் வளர்ந்தாலும் தன் இனத்தின் பாட்டையே பாடும் பறவைத் தொகுதி அது. எனவே பாட்டில் காணும் வேறுபாடு ஏறக்குறைய மரபின் வேறுபாடு. இஸ்லர் தம்பதியும் விட்னியும் 1998இல் இதை ஓர் அளவுகோலாகவே ஆக்கினார்கள். ஒரே காட்டில் சேர்ந்து வாழ்ந்தும் கலக்காத, ஆகவே ஐயமின்றித் தனித்தனி இனங்களான எறும்புக்குருவி இணைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் குரல்கள் எத்தனை கூறுகளில் வேறுபடுகின்றன என்று அளந்தார்கள். குறைந்தது மூன்று கூறுகளில் வேறுபாடு இருந்தது. ஆற்றின் இரு கரையில் பிரிந்து வாழும் கூட்டங்களுக்கும் அதே அளவை வைத்துப் பார்க்கலாம் என்பது அவர்களின் முன்மொழிவு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. உறுதியாகத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கும் நேர்மை அதில் இருக்கிறது.

நம் பறவைகளுக்கு அந்த அளவுகோலை அப்படியே எடுத்துவர முடியாது. சோலைக்கிளிகள் பாடும் பறவைகள் தொகுதியைச் சேர்ந்தவை. குஞ்சுகள் மூத்தவற்றைக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. கற்கும் பாட்டு கைமாறும்போது பிறழும், புதிது சேரும், பழையது மறையும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் பாட்டு மாறுவதற்கு மரபணு மாறியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ராபினும் மதுசூதன் கட்டியும் பிறரும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையே பொருளாகக் கொண்டது. வான்தீவுக்கு வான்தீவு சோலைக்கிளியின் பாட்டு எப்படி மாறுகிறது என்று ஒலிப்பதிவுகளை வரைபடங்களாக்கி அளந்தார்கள். இந்தப் பாட்டு சின்னஞ்சிறு ஒலித்துண்டுகள் பலவற்றைக் கோத்து நீளமாகப் பாடப்படுவது. அதைக் கூறுபோட்டு அளப்பதே பெரிய உழைப்பு. குரல் இங்கே சாட்சி சொல்லும், ஆனால் தனியாக நின்று தீர்ப்பை எழுதாது. தீர்ப்பு எழுத மரபணுவும் நிலமும் உடன் வர வேண்டும். எறும்புக்குருவி ஆய்வைப் படித்துவிட்டு அதே முறையை இங்கே பயன்படுத்த நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இனி, ஈஜிபுராவில் தினமும் கேட்கும் ஒரு பறவை. மார்ச் மாதம் தொடங்கிவிட்டால், சாலையில் வண்டிகள் பெருகுமுன், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலும் கேபிள் கம்பி மேலும் உட்கார்ந்து குண்டுகரிச்சான் பாடுகிறது. கறுப்பும் வெள்ளையுமான, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பறவை. சோலைக்கிளியும் இதுவும் ஒரே குடும்பம், ஈப்பிடிப்பான் குடும்பம். உருவ அளவிலும் மிகப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குண்டுகரிச்சானை இமயமலை அடிவாரத்திலும் காணலாம், கொழும்பிலும் காணலாம், வங்காளதேசத்தின் தேசியப் பறவையாகவும் காணலாம். பாலக்காட்டுக் கணவாய் அதற்குத் தடையே இல்லை. அந்தக் கணவாய்க்குள்ளேயே தோட்டம் தோட்டமாக அது வாழ்கிறது. ஒரே குடும்பத்தில் ஒன்று தெரு முனையிலும் கூடு கட்டுகிறது, மற்றொன்று அடுத்த மலைக்குப் போகத் தெரியாமல் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒரே மலையில் கிடக்கிறது. எல்லையை வைப்பது சிறகின் நீளம் அன்று. எந்த வெப்பத்தை, எந்த வெளிச்சத்தை, எந்த ஈரத்தை ஓர் உயிர் தாங்கும் என்பதுதான் அதன் எல்லையை வைக்கிறது.

அப்படியானால் இந்தப் பறவைகள் ஒருகாலத்தில் இரு பக்கமும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? இதற்கு விடை தேட, தட்பவெப்பம் இன்றுபோல் எப்போதும் இருந்ததில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். மலைப் பள்ளங்களில் ஆண்டாண்டாக மக்கிப் படிந்த தாவரக் கழிவு அது. வறட்சியைத் தாங்கும் வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அதனால் அவற்றில் சேரும் கார்பன் 13 என்ற கனமான வகையின் அளவும் வேறு. மண்ணை ஆழம் ஆழமாக எடுத்து அந்த அளவைப் பார்த்தால், எந்தக் காலத்தில் மலையில் வறட்சிப் புல் மிகுந்திருந்தது, எந்தக் காலத்தில் ஈரம் விரும்பும் தாவரம் மிகுந்திருந்தது என்று தெரிந்துவிடும். கடந்த 20,000 ஆண்டுகளுக்குள்ளேயே நீலகிரி வறண்டும் நனைந்தும் மாறி மாறி இருந்திருக்கிறது என்று அந்த மண் சொன்னது. கடைசிப் பனியுகத்தின் உச்சம் இங்கே வறட்சிக் காலம்.

இந்த ஏற்றத் தாழ்வு கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. ஈரமும் குளிரும் சேர்ந்த காலங்களில் மலைக்காடு கீழே இறங்கி விரிந்திருக்கும். மற்ற காலங்களில் உச்சியில் ஒடுங்கியிருக்கும். விரிந்தபோது பரவிய பறவைகள் ஒடுங்கியபோது தனித்தனி உச்சிகளில் அகப்பட்டுக்கொண்டன. பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவு அரிதாகத்தான் காடு இருகரையையும் தொட்டிருக்கும்.

இந்த விளக்கம் ஒரு பறவைக்கு மட்டும் பொருந்தினால் தற்செயல் என்று ஒதுக்கலாம். எனவே ராபின் குழு அடுத்து ஒரு மலைப்பறவைச் சமூகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 2015இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த அந்த ஆய்வு, ஒன்பது இடங்களில் 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டது. 23இல் 10 இனங்களுக்கு மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில்தான் இருந்தது. அந்தப் பத்துக்குள் சில இனங்களில் மட்டும், குறுகலான பிற பள்ளத்தாக்குகளிலும் இளைய பிரிவுகள் தெரிந்தன. பிரிந்த காலமோ இனத்துக்கு இனம் வேறு. மீதி 13 இனங்களைக் கணவாய் பிரிக்கவே இல்லை. அந்தப் பதின்மூன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரே மலை, ஒரே பள்ளம், ஒரே காலநிலை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட பறவைகள் கடந்திருக்கின்றன, அல்லது ஒரு பக்கம் அழிந்து மறுபக்கத்திலிருந்து மீண்டும் நிரம்பியிருக்கின்றன. நிலம் கதவைச் சாத்தினாலும், கதவுக்குள் நிற்பதா வெளியேறுவதா என்பதில் பறவையின் இயல்புக்கும் பங்கு உண்டு.

2017இல் வந்த ஆய்வு இன்னும் பெரிய மாற்றத்தைச் செய்தது. ராபின், வயநாட்டைச் சேர்ந்த சி.கே. விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி முதலானோர், இந்தப் பறவைகளுக்கு இமயமலைக் குட்டைச்சிறகன்களோடு நெருங்கிய உறவே இல்லை என்று காட்டினார்கள். குட்டைச் சிறகும் நீல முதுகும் வெறும் தோற்ற ஒற்றுமை. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கிளைத்துப் பெருகிய தனி வம்சம் இது. அதற்கு ஷோலிகோலா, அதாவது சோலைவாசி என்று புதுப் பேரினப் பெயர் சூட்டினார்கள். இதே மலைகளில் வாழும் சிரிப்பான்களுக்கும் மான்டிசிங்க்ளா என்ற தனிப் பேரினம் கிடைத்தது. அவையும் நீலகிரி, பாணாசுரமலை, பழனி, அசம்பு என்று மலைக்கொன்றாகப் பிரிந்து நிற்பவை. இந்தியத் தீபகற்பத்துப் பறவைகளெல்லாம் வேறெங்கோ தோன்றி இங்கே வந்து குடியேறியவை என்ற பழைய எண்ணத்தை இந்த ஆய்வு நேரடியாக எதிர்த்தது.

அதே கட்டுரை அசம்பு மலைப் பறவையை மூன்றாவது இனமாகவும் விவரித்தது. இதை எல்லாப் பறவைப் பட்டியல்களும் ஏற்கவில்லை. வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்குள்ளேயே வைத்திருப்பவை உண்டு. இளைய பிரிவுகளில் இப்படிக் கருத்து வேறுபாடு வருவது இயல்பு. எந்த அளவுக்கு விலகினால் தனி இனம் என்று இயற்கை கோடு போட்டுத் தரவில்லை. ஆனால் பட்டியலில் எந்த வரியில் எழுதினாலும் அகத்தியமலைப் பறவைகளைத் தனிக் கூட்டமாகக் கருதித்தான் காக்க வேண்டும் என்பது என் முடிவு. அவை அழிந்தால் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி வந்து அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லை. பரோ கொலராடோவில் நடந்தது அதுதான்.

இனப்பிரிப்பு வெறும் ஏட்டு வேலை என்று நினைப்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன். இரண்டு பறவைகளும் ஒரே இனமாக எழுதப்பட்டிருந்த வரை, ஒரே ரேஷன் கார்டில் இரண்டு குடும்பங்களை எழுதியதுபோல, வாழ்விடப் பரப்பும் எண்ணிக்கையும் சேர்த்தே கணக்கிடப்பட்டன. பாபாபுடன் மலையிலிருந்து அகத்தியமலை வரை இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளலாம். பிரித்துப் பார்த்தால் நீலகிரிச் சோலைக்கிளிக்கு இருப்பது நீலகிரியும், கர்நாடகத்தின் பிரம்மகிரி, பாபாபுடன் மலைகளும் அவற்றை ஒட்டிய சிறு பகுதிகளும்தான். உலகத்தில் வேறெங்கும் இல்லை. சிக்கமகளூருவுக்குக் காபித் தோட்டம் பார்க்கப் போகும் பெங்களூர்வாசிகளில் பலர் இந்தப் பறவையின் வட எல்லையைத் தொட்டுவிட்டே திரும்புகிறார்கள்.

அந்தச் சிறிய பரப்பும் முழுதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நீலகிரியில் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் பரவின. நீர்மின் திட்டங்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் வெளியானது. புல்வெளி போனால் புதரடிப் பறவைக்கு என்ன என்று கேட்கலாம். சோலையும் புல்வெளியும் ஒரே நீர்நிலையைப் பங்கிட்டுக்கொள்பவை. புல் உறிஞ்சி வைக்கும் நீர்தான் சோலையின் மடியில் ஓடையாகக் கசிகிறது. வயதான வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் மீண்டும் முளைப்பதும் உண்டு. அந்நிய மரங்களை ஒரேயடியாக வெட்டுவதா, நிழல் தரும் வரை விட்டுவைப்பதா என்ற கேள்விக்கு மலை முழுவதற்கும் ஒரே விடை சொல்ல முடியாது. புல்வெளியாக இருந்த இடம் எது, சோலையாக இருந்த இடம் எது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெப்பம் கூடுவது இவற்றுக்கெல்லாம் மேலான கவலை. சமவெளிப் பறவைக்கு வடக்கே நகர இடம் இருக்கலாம். மலைச்சரிவின் நடுவில் வாழும் பறவை இன்னும் கொஞ்சம் மேலே ஏறலாம். உச்சியில் இருப்பதற்குப் போக்கிடம் இல்லை. கணவாயைத் தாண்டிப் போகாது என்பதை அதன் மரபணுவே சொல்லிவிட்டது.

ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, சிக்கமகளூரு போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் சோலையின் ஓரத்துப் பாதையில் நின்றால், புதருக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த நீண்ட பாட்டு கேட்கலாம். கைப்பேசியிலேயே அதைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், இடம், உயரம் நான்கையும் சேர்த்து ஈபேர்டு அல்லது ஸீனோ-காண்டோ தளத்தில் ஏற்றுங்கள். பாட்டு மலைக்கு மலை மாறும் பறவை இது என்பதால், யாரும் பதிவு செய்யாத ஒரு சிறு சோலையிலிருந்து வரும் ஒரு நிமிடப் பதிவும் ஆய்வாளருக்குப் பயன்படும். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைத் திருப்பிப் போட்டுக் காட்டாதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை அவை கூடு வைக்கும் காலம்; அப்போது சோலைக்குள் நுழையாமல் பாதையிலேயே நில்லுங்கள்.